காப்பித் தோட்டத்துக்குக் கேமரா: மாட்டுக்கு ஒன்று, ஆளுக்கு ஒன்று

சேர்வராயன் மலையில் காப்பித் தோட்டம் வைத்திருப்பவருக்கு ராத்திரி விருந்தாளிகள் இரண்டு வகை. நாலு காலில் வருபவை ஒன்று: காட்டுமாடு, காட்டுப்பன்றி, கேளையாடு, முள்ளம்பன்றி, நன்றாகப் பழுத்த காப்பிப் பழமாகப் பார்த்துத் தின்னும் மரநாய். இரண்டு காலில் வருபவர்கள் இன்னொன்று: களத்தில் காயும் காப்பிக்கும், கொடியில் நிற்கும் மிளகுக்கும், நிழலுக்கு வளர்க்கும் சில்வர் ஓக் மரத்துக்கும், சந்தன மரம் இருந்தால் அதற்கும். டிரெயில் கேமரா, அதாவது எதிரே ஏதாவது நடமாடினால் தானே விழித்துப் படம் எடுக்கும் கேமரா வாங்கப் போகிற பலர் ஒரே கேமராவை ஒரே மரத்தில் கட்டி இரண்டு வகையையும் பிடித்துவிடலாம் என்று கணக்குப் போடுகிறார்கள். அந்தக் கணக்கு தேறாது. பன்றி நன்றாக விழும் உயரத்தில் ஆளின் முழங்கால்தான் விழும். ஆள் கண்ணில் படாத உயரத்துக்குக் கேமராவை ஏற்றினால் மரநாயும் முள்ளம்பன்றியும் அதற்குத் தெரியாது.

அதனால் கடைக்குப் போகுமுன் ஒன்றைத் தீர்மானித்துக்கொள்ளுங்கள்: படம் கிடைத்தால் மறுநாள் காலையில் என்ன செய்யப் போகிறீர்கள்? எந்த வேலி இடுக்கில் பன்றி நுழைகிறது என்று பார்த்து அடைக்கவும், பயிர்ச்சேத மனுவோடு வனத்துறையிடம் கொடுக்கவும் என்றால் சாதாரண கார்டு கேமரா போதும். வாரத்துக்கு ஒரு தடவை கார்டைக் கழற்றிப் பார்க்கலாம். ஆள் உள்ளே வந்த அடுத்த நிமிடமே வாட்ச்மேனுக்குத் தகவல் போக வேண்டும் என்றால் சிம் போட்ட கேமரா வேண்டும். அது வேறு செலவு, வேறு தலைவலி.

விளம்பரத்தில் பெரிதாகப் போடும் மெகாபிக்சலைத்தான் கடைசியில் பார்க்க வேண்டும். 30, 48 என்று அச்சிட்டிருக்கும் பல கேமராக்களுக்குள் இருக்கும் சென்சாரின் உண்மை அளவு அதில் சிறு பங்குதான். மீதியை மென்பொருள் இட்டு நிரப்புகிறது. படம் கூர்மையாவதில்லை, கோப்பின் எடை மட்டும் கூடுகிறது. கேமராவின் அமைப்பில் (செட்டிங்ஸ்) கீழ் அளவைத் தேர்ந்தெடுத்தால் கார்டும் பேட்டரியும் மிஞ்சும்.

கேமராவின் உயிர் வெப்பத்தை உணரும் அதன் பி.ஐ.ஆர். சென்சாரில் இருக்கிறது. பின்னணியின் வெப்பத்துக்கும் உடம்பின் வெப்பத்துக்கும் உள்ள வித்தியாசம் பார்வைப் பரப்பின் ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்கு நகரும்போதுதான் அது விழிக்கும். இதிலிருந்து இரண்டு விஷயங்கள் பிறக்கின்றன. முதலாவது, குறுக்கே நடக்கும் விலங்கு சட்டென்று மாட்டும். கேமராவை நோக்கி நேராக வருவது தாமதமாகத்தான் மாட்டும். இரண்டாவது, காற்றின் சூடு உடம்பின் சூட்டை நெருங்கினால் சென்சார் மந்தமாகிவிடும். அடிவாரத்தில், குரும்பப்பட்டி பக்கம் நிலம் வைத்திருப்பவர் மே மாத நடுப்பகலில் படம் வராததற்குக் கேமராவைக் குறை சொல்வதில் நியாயமில்லை. பாறையும் மண்ணும் விலங்கைவிடச் சூடாக இருக்கும் நேரம் அது. மேலே ஏற்காட்டில் இந்தத் தொல்லை குறைவு. அங்கே தலைகீழ்ச் சிக்கல்: குளிர்ந்த காலையில் வெயில் பட்டுச் சூடேறிய ஒரு இலை ஆடினாலே சென்சார் விழித்துக்கொள்ளும். ஆகவே அடிவாரத்தில் கோடையில் உணர்திறனை உயர் நிலையிலும், மலை மேல் டிசம்பர், ஜனவரியில் நடு நிலையிலும் வைப்பது என் வழக்கமான சிபாரிசு.

அடுத்துப் பார்க்க வேண்டியது விழிப்பு வேகம், அதாவது சென்சார் விழித்ததற்கும் படம் எடுப்பதற்கும் இடையில் ஆகும் நேரம். அரை வினாடி என்றால் கேட்க நன்றாக இருக்கும். நடந்து போகும் ஆள் அதற்குள் முக்கால் மீட்டர் நகர்வார், பாதகமில்லை. மணிக்கு 20 கிலோமீட்டரில் போகும் பைக் அதே நேரத்தில் 2.8 மீட்டர் நகர்ந்துவிடும். 45 பாகைப் பார்வை உள்ள கேமராவுக்கு 5 மீட்டர் தூரத்தில் தெரியும் அகலம் மொத்தமே 4 மீட்டர் சொச்சம். படத்தில் பின் சக்கரம் மிஞ்சினால் அதிர்ஷ்டம். இதற்கு மருந்து விலை கூடின கேமரா அல்ல. பாதைக்குச் செங்குத்தாகக் கட்டாமல், பாதை போகும் திசையில் 30 முதல் 45 பாகை சாய்த்துக் கட்டினால் வண்டி படத்துக்குள் நெடுநேரம் இருக்கும், கட்டங்களையும் தாண்டும். எஸ்டேட் கேட்டுக்கு இன்னும் நல்ல இடம், வண்டி வேகம் குறைத்தே ஆக வேண்டிய வளைவு அல்லது பள்ளம்.

இரவு வெளிச்சத்தில்தான் மாட்டுக் கேமராவும் ஆள் கேமராவும் தெளிவாகப் பிரிகின்றன. 850 நானோமீட்டர் அகச்சிவப்பு விளக்கு உள்ளவை தூரமாக, தெளிவாகப் படம் பிடிக்கும். ஆனால் நேராகப் பார்ப்பவர் கண்ணுக்கு மங்கலான சிவப்புப் புள்ளிகள் தெரியும். 940 நானோமீட்டர் விளக்கு கண்ணுக்குத் தெரியாது. கேமராவின் சிலிக்கான் சென்சாருக்கும் அந்த ஒளி அவ்வளவாகப் பிடிக்காது என்பதுதான் குறை. அதனால் எட்டும் தூரம் குறையும், படத்தில் புள்ளி தட்டும், ஓடும் உருவம் இழுபட்டு விழும். காட்டுமாட்டுக்கும் பன்றிக்கும் 850 வாங்குங்கள். சில விலங்குகள் சிவப்பைப் பார்த்துத் திரும்பிப் பார்க்கும், பெரும்பாலும் வேலையைத் தொடரும். ஆளுக்கு 940 மட்டுமே. சிவப்புப் புள்ளியைப் பார்த்த திருடன் அடுத்த முறை சாக்கோடு வருவது காப்பிக்காக மட்டும் இருக்காது.

வண்டி நம்பர் பலகையை இரவில் படிக்கலாம் என்று மட்டும் நம்ப வேண்டாம். இப்போதைய உயர் பாதுகாப்புப் பலகைகள் ஒளியைத் திருப்பி அடிக்கும் வகை. கேமராவின் விளக்கு பட்டதும் பலகை வெறும் வெள்ளைச் சதுரமாகிவிடும். வண்டியின் உருவம், ஆட்களின் எண்ணிக்கை, நேரம், போன திசை: இரவுப் படத்திலிருந்து நம்பி எடுக்கக்கூடியவை இவ்வளவுதான்.

ஏற்காட்டுக்கே உரிய தொல்லை பனிமூட்டம். காப்பி பறிக்கும் மாதங்களில் மலை மேல் மேகம் இறங்கி நிற்கும்போது அகச்சிவப்பு ஒளி மூட்டத்திலேயே பட்டுத் திரும்பும். படம் முழுக்கச் சுண்ணாம்பு அடித்தாற்போல இருக்கும். விளக்கு வலுவாக வலுவாக இது மோசமாகும். 'நீண்ட தூரம்' என்று அமைப்பிருந்தால் இந்த மாதங்களில் அதை அணைத்துவிட்டு, 4 முதல் 6 மீட்டருக்குள் கடக்கும் இடமாகப் பார்த்துக் கட்டுங்கள். பரந்த வெளியைப் பார்த்துக் கட்டிய கேமரா பனிக்காலத்தில் வெறும் அலங்காரம்.

இனி மரம். காப்பித் தோட்டத்தில் நேராக நிற்பது சில்வர் ஓக்தான். எல்லோரும் அதில்தான் கட்டுகிறார்கள், தவறும் அங்கேதான் ஆரம்பிக்கிறது. இளம் சில்வர் ஓக் காற்றுக்கு ஆடும். மரம் ஆடினால் கேமராவுக்கு உலகமே ஆடும், ஒரே ராத்திரியில் ஆயிரம் வெற்றுப் படங்கள். குறுக்களவு 20 செ.மீ.க்குக் குறைந்த மரம் வேண்டாம். மிளகுக்கொடி ஏறிய மரமும் வேண்டாம். கொடியின் இலை சென்சாருக்கு முன்னால் தொங்கும், அது ஒன்று. இறுக்கிக் கட்டிய நாடாவுக்கு அடியில் கொடி நசுங்கி மேல் பகுதி வாடிவிடும், அது இன்னொன்று. கேமரா காப்பாற்ற வேண்டிய மிளகைக் கேமராவே கெடுத்த கதையாகிவிடும். மரம் சரியாக அமையாத இடத்தில் 2 அங்குல ஜி.ஐ. குழாயை இரண்டடி ஆழத்தில் கான்கிரீட் போட்டு நட்டுவிடலாம். ஆடாது. ஆனால் காட்டுமாடு அதில் முதுகு தேய்க்கும். பாதையை விட்டு மூன்று மீட்டராவது தள்ளி நடுங்கள்.

உயரம்: பன்றி, கேளையாடு, மரநாய்க்குத் தரையிலிருந்து 40 முதல் 50 செ.மீ. காட்டுமாட்டுக்கு மட்டும் என்றால் ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் மேலே. ஆளுக்கு 2.5 முதல் 3 மீட்டர், கீழ்நோக்கிச் சாய்த்து. அவ்வளவு உயரத்தில் யாரும் எதிர்பார்ப்பதில்லை. டார்ச் அடித்தாலும் பாதையில்தான் அடிப்பார்கள். தொப்பி, முண்டாசு இருந்தால் மேலிருந்து முகம் விழாது என்பது உண்மை. அதற்காகத் தாழ்த்திக் கட்டுவதைவிட, அதே பாதையில் சற்றுத் தள்ளி மார்பு உயரத்தில் புதருக்குள் இன்னொன்றை மறைத்துக் கட்டுவது மேல்.

சரிவு நிலத்தில் உயரக் கணக்கு ஏமாற்றும். மேட்டைப் பார்த்துக் கட்டினால் கேமரா மண்ணைத்தான் படம் பிடிக்கும். பள்ளத்தைப் பார்த்தால் விலங்கின் தலைக்கு மேலே வானம். சரிவின் குறுக்காக, வரப்பு போகும் திசையில் பார்க்க வைப்பது எளிது. வேறு வழியில்லை என்றால் கேமராவின் பின்புறம், மேலேயோ கீழேயோ ஒரு குச்சியைச் செருகிச் சாய்வைச் சரிக்கட்டுங்கள். பச்சைக் குச்சி காய்ந்ததும் சுருங்கி நழுவும், காய்ந்ததாக எடுங்கள். திசையில் கிழக்கும் மேற்கும் கூடாது, காலையும் மாலையும் சூரியன் நேராக லென்சில் இறங்கும். வடக்கு நல்லது.

கட்டிய பிறகு சோதனை நிலையில் போட்டு நடந்து பார்ப்பார்கள், சரி. பன்றிக்குக் கட்டியதென்றால் பன்றி உயரத்தில் தவழ்ந்து பார்க்க வேண்டும்; தோட்டத்து ஆட்கள் சிரித்தால் சிரிக்கட்டும். முன்னால் ஐந்து மீட்டருக்குப் புல்லையும் உண்ணிச்செடித் தளிரையும் அரிவாளால் அரிந்துவிடுங்கள். வடகிழக்குப் பருவமழைக்குப் பிறகு இரண்டு வாரத்தில் அது மறுபடி வளர்ந்திருக்கும். 'கேமரா கெட்டுப்போச்சு' என்று கழற்றிக் கொண்டுவரும் பலவற்றில் கோளாறு அந்தப் புல்தான்.

திருட்டுப் பயத்துக்கு இரும்புப் பெட்டி போடலாம். சேலத்து வெல்டிங் பட்டறைகளில் 2 மி.மீ. தகட்டில் அளவு கொடுத்தால் செய்து தருவார்கள். மூன்று விஷயங்களை முன்பே சொல்லிவிடுங்கள். லென்சுக்கும் விளக்குக்கும் விடும் துளையின் விளிம்பு சரிவாக இருக்க வேண்டும், உள்பக்கம் கருப்பு மேட் பெயிண்ட் அடிக்க வேண்டும். இல்லாவிட்டால் விளக்கொளி விளிம்பில் பட்டு இரவுப் படத்தில் வெள்ளைப் புகையாக விழும். பெட்டியின் அடியில் நீர் வடிய இரண்டு துளை. மூன்றாவது, மழைக்குப் பாதுகாப்பு என்று முன்னால் கண்ணாடி மாட்டவே கூடாது. உடம்பிலிருந்து வரும் வெப்பக் கதிர் சுமார் 10 மைக்ரான் அலைநீளம் கொண்டது; ஜன்னல் கண்ணாடி அதை உள்ளே விடாது. நமக்குப் பளிச்சென்று தெரியும், சென்சாருக்கோ அது சுவர். பெட்டியை மரத்தோடு பிணைக்க எஃகுக் கம்பிப் பூட்டு வேண்டும். குரங்குகளும் இருக்கின்றன. நாட்டுக் குரங்குக்கு நாடாவின் கொக்கியைக் கழற்றத் தெரியாவிட்டாலும் தொங்கும் நுனியைப் பிடித்து இழுத்துக் கேமராவை வானம் பார்க்க வைக்கத் தெரியும். மிச்ச நாடாவைச் சுருட்டி உள்ளே செருகுங்கள்.

எறும்பு மனிதனைவிடப் பெரிய எதிரி. கதவின் ரப்பர் விளிம்பில் மண் துகள் ஒட்டி ஒரு மயிரிழை இடைவெளி விட்டாலும் சிற்றெறும்பு முட்டையோடு குடியேறிவிடும். ரப்பரைத் துணியால் துடைத்து மூடுங்கள். உள்ளே ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கள், ஈரம் குடித்தால் மாற்றுங்கள். மரத்தைச் சுற்றிப் பட்டையாகக் கிரீஸ் தடவலாம், கேமராவின் மேல் பூச்சி மருந்து அடிக்க வேண்டாம். கொசுக் களிம்பு தடவிய கையால் லென்சைத் தொடுவதும் கூடாது: டீட் என்ற கொசுவிரட்டி மருந்து கலந்த களிம்பு பிளாஸ்டிக்கைக் கரைக்கும், லென்ஸ் மூடி நிரந்தரமாக மங்கிவிடும்.

பேட்டரியில் மிச்சம் பிடிப்பவர் கேமராவில் செலவழித்ததையும் சேர்த்து இழப்பார். பெரும்பாலான கேமராக்கள் 8 டபுள் ஏ செல் கேட்கும். பகல் படம் கொஞ்சம்தான் தின்னும்; இரவு விளக்கு எரியும்போதுதான் மின்னோட்டம் எகிறும், இரவு வீடியோ அதைவிட மோசம். சாதாரண ஆல்கலைன் செல்லின் அழுத்தம் தேயத் தேய இறங்கும். அளவுகாட்டி பாதி காட்டும்போதே இரவுப் படங்கள் இருண்டுவிடும், மறந்து விட்டால் ஒழுகித் தொடுமுனையை அரிக்கும். ரீசார்ஜ் செய்யும் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல் 1.2 வோல்ட், எட்டும் தொடராக இருந்தால் 12-க்குப் பதில் 9.6 வோல்ட்தான். சில கேமராக்கள் அதற்கே 'பேட்டரி காலி' என்று சொல்லும். அமைப்பில் செல்லின் வகையைத் தேர்ந்தெடுக்க வழி இருக்கிறதா என்று வாங்குமுன் பாருங்கள். ஒருமுறை பயன்படுத்தும் 1.5 வோல்ட் லித்தியம் செல் விலை அதிகம், கடைசிவரை அழுத்தம் இறங்காது. தொலைவில், மாதம் ஒரு முறை மட்டும் எட்டிப் பார்க்கும் கேமராவுக்கு அதுதான் கட்டுப்படியாகும். எதுவானாலும் பழையதையும் புதியதையும் கலக்காதீர்கள்.

சோலார் தகடு கேட்பவர்களுக்கு: காப்பி நிழலில் வளர்கிறது, தகடு வெயிலில் வேலை செய்கிறது. சில்வர் ஓக் நிழலில் கட்டிய தகடு பெயருக்குத்தான் இருக்கும். ஐந்தாறு மீட்டர் வயர் இழுத்துத் திறந்த விளிம்பில் தகட்டை வைக்க முடிந்தால் செய்யலாம். முடியாவிட்டால் யு.பி.எஸ். கடையில் கிடைக்கும் 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி பேட்டரியை மூடிய டப்பாவில் வைத்துக் கேமராவின் வெளி மின் துளையில் செருகலாம். கேமரா கேட்பது 6 வோல்ட்டா 12 வோல்ட்டா, நடு ஊசி பாசிட்டிவா என்று லேபிளைப் படித்த பிறகு.

கார்டுக்கு 32 ஜி.பி., கிளாஸ் 10, முழு அளவு எஸ்.டி. போதும். ஒரு படம் 4 எம்.பி. என்றால் எட்டாயிரம் படம் கொள்ளும். 15 வினாடி வீடியோ 30 எம்.பி. என்றால் ஆயிரம். மைக்ரோ கார்டை அடாப்டரில் போடுவது ஈரத்தில் தொடுமுனை விட்டுப்போகும் வேலை. கணினியில் அல்ல, அந்தக் கேமராவிலேயே ஃபார்மட் செய்யுங்கள். அமைப்பில் விலங்குக்கு மூன்று படத் தொடரும் 30 வினாடி ஓய்வும் சரி. ஆளுக்கு ஓய்வு பூஜ்யம், ஏனென்றால் முதல் ஆளுக்குப் பின்னால் வருகிறவன்தான் சாக்கைத் தூக்கி வருவான். வெற்றுப் படங்களைப் பார்த்து மனம் தளர வேண்டாம். 2018 அகில இந்தியப் புலிகள் கணக்கெடுப்பில் 26,838 இடங்களில் கேமரா வைத்து எடுத்தது 3.48 கோடி படங்கள். அதில் புலி விழுந்தது 76,651-ல்தான், ஆயிரத்துக்கு இரண்டு சொச்சம்.

சிம் கேமராவில் பணம் வீணாவது பெரும்பாலும் அலைவரிசை தெரியாமல். அமெரிக்கச் சந்தைக்குச் செய்தவை 4ஜி-யில் பேண்ட் 2, 4, 12, 13 என்று இருக்கும்; உறவினர் அங்கிருந்து வாங்கி வந்த கேமரா இங்கே ஊமையாக நிற்கும். ஜியோவுக்குப் பேண்ட் 3, 5, 40 வேண்டும். ஏர்டெல்லுக்கு 1, 3, 8, 40. பி.எஸ்.என்.எல். 4ஜி-க்கு 1, 28. ஜியோவுக்கு 2ஜி-யே கிடையாது என்பதால் படத்தை எம்.எம்.எஸ். குறுஞ்செய்தியாக 2ஜி-யில் அனுப்பும் பழைய மாடல்கள் அதில் ஓடாது. சில கேமராக்களில் நிறுவனத்தின் சிம் உள்ளேயே பதித்திருக்கும், மாற்ற முடியாது. அது இந்தியாவில் வேலை செய்யுமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். தோட்டத்தில் எந்த நெட்வொர்க் எடுக்கிறது என்பதைக் கேட்டில் நின்று பார்ப்பதில் பயனில்லை. கேமரா கட்டப்போகும் மரத்தடியில், அதே உயரத்தில் போனைப் பிடித்து ஒரு படத்தை அனுப்பிப் பாருங்கள், முடிந்தால் மழை விட்டதும். நனைந்த இலைக்கூட்டம் சிக்னலைக் குடிக்கும். மேட்டுக்கு மறைவான ஓடைப் பள்ளங்களில் நாகலூரானாலும் மஞ்சக்குட்டையானாலும் ஒரு கோடுகூட வராத இடம் இருக்கத்தான் செய்யும். 'வைஃபை கேமரா' என்று விற்பது வீட்டுக்குப் படம் அனுப்பாது. மரத்துக்குப் பத்துப் பதினைந்து மீட்டருக்குள் நின்று போனில் பார்க்க மட்டும் உதவும். உயரத்தில் கட்டிய கேமராவுக்கு ஏணி தேவையில்லை என்ற அளவில் அது நல்லது.

உலர்களத்துக்கு டிரெயில் கேமரா வேண்டாம் என்பது என் கட்சி. களத்தில் மின்சாரம் இருக்கும், ஆட்கள் பகலெல்லாம் நடமாடுவார்கள், வெயிலில் சிமெண்ட் தரை கொதிக்கும். சாதாரண சி.சி.டி.வி.யே அங்கே பொருத்தம். டிரெயில் கேமராவை மின்சாரம் எட்டாத எல்லைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லை என்றதும் ஒன்று. வேலிக்கு அந்தப் பக்கம் காப்புக்காடு என்றால் அந்த மரத்தில் கட்டக் கூடாது, வனத்துறை அனுமதி வேண்டும். நம் மரத்தில் கட்டி நம் பக்கம் பார்க்க வையுங்கள். விலங்கை வரவழைக்கப் பலாப்பழமோ உப்போ வைப்பதும் கூடாது. காட்டுமாடு 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பது, தோட்டத்துக்கு அதைப் பழக்குவது நமக்கே வினை. சிறுத்தை விழுந்தால் வனச்சரக அலுவலகத்துக்குச் சொல்லுங்கள், வாட்ஸப் குழுவுக்கு வேண்டாம். தோட்டத்தின் ஊடே ஊர்ப் பாதை போனால், தொழிலாளர் குடியிருக்கும் லைன் வீடுகள், ஓடையில் குளிக்கும் இடம் இவை படத்தில் விழாதபடி திருப்பி, கேட்டில் தமிழில் ஒரு அறிவிப்புப் பலகை மாட்டிவிடுங்கள். மேஸ்திரிக்கும் கணக்கு எழுதும் ரைட்டருக்கும் கேமரா இருப்பது தெரிந்தால் போதும், எந்த மரம் என்று தெரிய வேண்டியதில்லை.

திருட்டுப் படம் கிடைத்து போலீசுக்குப் போவதென்றால் கார்டை அப்படியே எடுத்து வைத்துவிட்டுப் புதுக் கார்டு போடுங்கள். வாட்ஸப்பில் அனுப்பிய பிரதி சுருங்கி, எடுத்த நேரத்தையும் தொலைத்திருக்கும். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய சாக்ஷிய அதிநியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவின்படி மின்னணுப் பதிவோடு சான்றிதழ் தர வேண்டும், அதில் கோப்பின் ஹாஷ் மதிப்பும், அதாவது கோப்பின் விரல்ரேகை போன்ற குறியீடும், கேட்கப்படும். கோப்பைத் திறந்து வெட்டி, வெளிச்சம் கூட்டிச் சேமித்தால் அந்த மதிப்பு மாறிவிடும். கேமராவின் தேதி, நேரம் சரியாக இருந்ததா என்பதுதான் அடுத்து வரும் கேள்வி. பேட்டரி மாற்றும்போது சில கேமராக்களில் கடிகாரம் பழைய நிலைக்கே போய்விடும். ஒவ்வொரு முறை கதவை மூடுமுன்னும் போனின் நேரத்தைக் கேமராவுக்கு முன்னால் காட்டி ஒரு படம் எடுத்துவிடுங்கள்.